அம்மம்மாவின் குறிப்புக் கொப்பி



எழுத்திலே எனக்கு வழிகாட்டியவர் யார் என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டிருக்கிறார்கள். பெரிய எழுத்தாளர் ஒருவரின் பெயரை நீங்கள் எதிர்பார்க்கக் கூடும். நான் சொல்லப்போவதோ, ஒரு கதையும் எழுதாத, ஒரு கவிதையும் பாடாத, தொண்ணூற்றாறு வயது வரை வாழ்ந்து மறைந்த ஒரு மருத்துவத் தாதியைப் பற்றி. அவர் என் அம்மம்மா.

அம்மம்மா 1917 ஆம் ஆண்டு வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலே பிறந்தவர். தகப்பனார் புகையிலைத் தோட்டக்காரர். மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்த அவர், இருபது வயதிலே மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்கு மேலைத்தேய வைத்தியம் அப்போது புதியதன்று. 1848 ஆம் ஆண்டளவில் மானிப்பாயிலே வைத்தியப் பணியில் இறங்கிய அமெரிக்கரான சாமுவேல் கிறீன், பின்னாளில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ‘இரணவைத்தியம்’ முதலான நூல்கள் தமிழில் வெளிவரக் காரணராயிருந்தவர். ஆனாலும், ஆஸ்பத்திரியிலே மருந்து வாங்கிக் குடித்த அதே உறவினர், தம் வீட்டுப் பெண் அங்கே வேலைக்குப் போவதைப் பொறுக்கவில்லை. “கண்ட கண்ட சாதியின்ர ஊத்தை கழுவுற வேலை” என்றார்கள். அதனாலேயே இரண்டு கலியாணப் பேச்சுகள் முறிந்தன.

அம்மம்மாவின் மறுமொழி ஒன்றுதான்: “கழுவின கைக்குச் சாதியில்லை, கழுவாத கையிலதான் கிருமி.”

1941 இல் அரசாங்க சேவையிலே சேர்ந்து குருநாகல் பக்கம் போனார். 1934-35 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியாவை அந்தப் பகுதிச் சனங்கள் இன்னும் மறந்திருக்கவில்லை. 1946 இல் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இலங்கையின் இறப்பு வீதம், அடுத்த ஆண்டிலே 14 ஆகக் குறைந்தது. மருந்து தெளித்ததுதான் முழுக் காரணமா, ஆஸ்பத்திரிகள் பெருகியதும் நல்ல உணவும் சேர்ந்த காரணமா என்று அறிஞர்கள் பின்னர் வாதிட்டார்கள். அம்மம்மாவுக்கு அந்தக் கணக்குகள் தெரியா. “வார்ட்டிலே நிலத்தில பாய் விரிச்சுக் கிடந்த ஆக்கள் மெல்ல மெல்லக் கட்டிலுக்கு ஏறிச்சினம். அப்பதான் எனக்கு விளங்கினது” என்பார்.

1972 இல் இளைப்பாறி ஊருக்கு வந்தார். ஆனால் படலை இளைப்பாறவில்லை. “மிஸ்ஸி, மிஸ்ஸி” என்று சாமத்திலே யாராவது தட்டுவார்கள். அரிக்கன் லாம்பும் கையுமாக அம்மம்மா புறப்படுவார். எந்த வீட்டுக்குப் போனாலும் வேலை முடிந்ததும் அந்த வீட்டுச் செம்பிலேயே தண்ணீர் வாங்கிக் குடிப்பார். இதற்காகவே எங்கள் வீட்டுத் தேநீரைத் தொடாத உறவினர் சிலர் இருந்தார்கள்.

ஒவ்வொரு நோயாளிக்கும் அவர் ஒரு கொப்பியிலே குறிப்பு எழுதுவார். கண் மங்கிய பிறகு அதை எழுதும் வேலை எனக்கு வந்தது. “பாவம், மிகவும் வருந்தினார்” என்று ஒருமுறை எழுதினேன். அதை வெட்டச் சொன்னார். “எத்தினை தரம் சத்தி எடுத்தவ? அதை எழுது. அடுத்து வாற நேர்சுக்கு உன்ர கவலை உதவாது. தம்பி, கண்டதை எழுது, நினைச்சதை எழுதாதை.”

எழுத்தைப் பற்றி நான் கேட்ட முதற் பாடம் அதுதான். அதன் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது 1995 இல்.

அவ்வாண்டு ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனங்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்ததை உங்களில் பலர் அறிவீர்கள், சிலர் நடந்திருப்பீர்கள். எனக்கு அப்போது இருபது வயது. எழுபத்தெட்டு வயது அம்மம்மாவைச் சைக்கிள் கரியரிலே இருத்தி மழையிலே உருட்டிக்கொண்டு போனேன். அவர் மடியிலே இருந்தவை வெப்பமானி, கத்தரிக்கோல், ஒரு கட்டுப் பஞ்சு, அந்தக் கொப்பி.

தென்மராட்சியிலே உறவினர் ஒருவர் வீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. வேலிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம். அங்கே எங்களைப் போலவே வந்த ஐம்பது அறுபது குடும்பங்கள். உறவினர் வளவிலே நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. நாங்கள் அள்ளலாம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்களில் சிலருக்கும் அனுமதி உண்டு. வேறு சிலர் படலையிலேயே மறிக்கப்பட்டார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்கள் மழைநீர் தேங்கிய துரவிலே அள்ளினார்கள். நான் எங்கள் வாளியை நிரப்பிக்கொண்டு, படலையில் நின்றவர்களின் முகத்தைப் பாராமல் உள்ளே போவேன்.

நாலாம் நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவருக்கு வயிற்றோட்டம் கண்டது. சீனி கிடையாது. அம்மம்மா அரிசிக் கஞ்சியிலே உப்பிட்டு, கரண்டி கரண்டியாக விடியும்வரை பருக்கினார். ஒரு பிள்ளை பிழைத்தது. மற்றது, மூன்று வயதுப் பெண் குழந்தை, பிழைக்கவில்லை.

அன்று பகல் கொப்பியை எடுக்கச் சொன்னார். வயது, எத்தனை தரம் போனது, எப்போது மூச்சு நின்றது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காரணம் என்ற இடத்திலே, “குடிநீர்த் தட்டுப்பாடு” என்று நானாகவே எழுதி வாசித்துக் காட்டினேன்.

அம்மம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“கிணத்தில தண்ணி இருந்ததோ, இல்லையோ?”

“இருந்தது.”

“அப்ப ஏன் தட்டுப்பாடு எண்டு எழுதினனி? தண்ணி இருந்தது, குடுக்கேல்லை எண்டு எழுது.”

நேயர்களே, எழுதினேன். அந்த வரியிலே ‘கொடுக்காதவர்’ யார் என்று சொல்லப்படவில்லை. ஆனால் வாளியோடு போய்வந்தவனுக்கு அது தெரியாமலிருக்குமா?

மறுநாள் விடியற்புறம் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டு எழுந்தேன். அம்மம்மா கிணற்றுக்கட்டிலே நின்று இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். படலை திறந்து கிடந்தது. மறிக்கப்பட்ட பெண்கள் குடங்களோடு தயங்கித் தயங்கி நின்றார்கள். வீட்டுக்காரர் ஓடிவந்தார்.

“மாமி, என்ன வேலை செய்யிறியள்? நாளைக்கு இந்தத் தண்ணியை நாங்கள் எப்பிடிக் குடிக்கிறது?”

“கொதிக்க வைச்சுக் குடி, தம்பி. எல்லாரும் அப்பிடித்தான் குடிக்க வேணும்.”

அவர் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்விட்டார். அம்மம்மாவின் உள்ளங்கை சிவந்திருந்தது. நான் போய் அந்தக் கயிற்றை வாங்கினேன். நாங்கள் அந்த வீட்டை விட்டு 1996 இல் ஊர் திரும்பும்வரை, விடியற்புறத்திலே தண்ணீர் அள்ளிக் கொடுப்பது என் வேலையாயிற்று. வீட்டுக்காரர் அதன்பின் என்னோடு அதிகம் பேசவில்லை. படலையைப் பூட்டவும் இல்லை.

2013 இல் அம்மம்மா படுக்கையிலே விழுந்தார். தம்மைப் பார்க்கும் முறையையும் அவரே எனக்குப் பழக்கினார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முதுகையும் குதிக்காலையும் பார்க்க வேண்டும். நேரத்தைக் குறிக்க வேண்டும். ஓர் இரவு அயர்ந்து தூங்கிவிட்டேன். விழித்துப் பார்த்தபோது நாலு மணித்தியாலம் கடந்திருந்தது. இடுப்பிலே தோல் சிவந்திருந்தது. அழுதுவிட்டேன். அவர் கண்ணைத் திறவாமலே, “எழுதினியோ?” என்று கேட்டார். இரண்டு மணிக்குப் புரட்டவில்லை, தூங்கிவிட்டேன், தோல் சிவந்திருக்கிறது என்று எழுதி வாசித்தேன். “சரி. இனி மற்றப் பக்கம் புரட்டு” என்றார். அவ்வளவுதான். குற்றஞ் சாட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

எட்டு நாட்களின் பின் ஒரு விடியற்காலை மூச்சு அடங்கியது. கொப்பியிலே நேரத்தைக் குறித்தேன்: நாலு மணி பத்து நிமிடம். அதற்கு மேல் ஏதாவது எழுதவேண்டும் போலிருந்தது. எழுதவில்லை.

செத்தவீட்டுக்குத் தென்மராட்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அம்மம்மாவின் கையைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கஞ்சி குடித்துப் பிழைத்த பிள்ளையின் தாய் அவர். போகும்போது குடிக்கத் தண்ணீர் கேட்டார். எங்கள் வீட்டுச் செம்பிலே கொண்டுவந்து கொடுத்தேன்.

அந்தக் கொப்பி இன்றும் என் மேசையிலே இருக்கிறது. ஏதேனும் எழுதி முடித்தால், அதிலே ‘தட்டுப்பாடு’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்வேன்.