கோடைத் திருவிழாவில் சங்கப் பந்தல்



ஸ்ரீபெரும்புதூரில் பிரதி வருஷமும் சித்திரை மாதத்தில், ஸ்ரீ ராமானுஜரின் ஜன்ம நட்சத்திரமாகிய திருவாதிரையை முன்னிட்டுப் பத்து நாள் உற்சவம் நடைபெறுவது யாவரும் அறிந்ததே. 1017ஆம் வருஷம் அவர் இவ்வூரில் அவதரித்தார் என்பது சம்பிரதாயம். 2017ஆம் வருஷம் ஆயிரமாவது ஆண்டு விழாவும் இங்கே விமரிசையாக நடந்தேறியது. இவ்வுற்சவம் பெரும்பாலும் ஏப்ரல் மாதப் பிற்பகுதியிலோ மே மாத முற்பகுதியிலோ வருகிறபடியால், ஜனக் கூட்டமும் கடும் வெயிலும் ஒரே சமயத்தில் வந்து சேருகின்றன. மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கும் கத்திரி வெயிலும் சில வருஷங்களில் விழாவோடு கலந்துவிடும்.

இத்தகைய விழாக்களில் கிராமச் சங்கங்கள் ஒரு பந்தல் போட்டு, பண்டங்களை விற்று, வாசகசாலைக்கோ பள்ளிப் பிள்ளைகளின் தேவைக்கோ நிதி திரட்ட விரும்புவது நியாயமே. ஆனால் நல்ல எண்ணம் மாத்திரம் இருந்தால் போதாது. எதை விற்பது, எதை விற்கலாகாது, பந்தலில் நிற்பவர்களின் உயிருக்கும் உடலுக்கும் என்ன பாதுகாப்பு, சேர்ந்த பணத்துக்கு யார் பொறுப்பு என்னும் இவையெல்லாம் முன்னதாகவே தீர்மானிக்கப்பட வேண்டியவை.

முதலாவது, தண்ணீர். கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் தர்மம். தாகத்தோடு வருகிறவனிடம் காசு கேட்பதை நம் ஜனங்கள் ஒருபோதும் மெச்சியதில்லை. இலங்கையிலும் மே மாதத்து வெசாக் பண்டிகையின்போது ஊரார் சேர்ந்து 'தன்சல்' என்னும் பந்தல்களில் உணவும் பானமும் இலவசமாகவே வழங்குகின்றனர். ஆகையால் சங்கப் பந்தலிலும் குடிதண்ணீருக்கு விலை கூடாது. தண்ணீர்ப் பானையின் பக்கத்திலேயே உண்டியலை வைப்பதும் கூடாது. தாகமுள்ளவன் கை நீட்டும் இடத்தில் உண்டியல் இருந்தால் அது தர்மமுமாகாது, வியாபாரமுமாகாது. தண்ணீரைப் பந்தலின் ஒரு கோடியிலும் விற்பனைப் பலகையை மறு கோடியிலும் வைத்தால் இரண்டும் கலவாது.

அப்படியானால் வருமானம் எங்கிருந்து வரும் என்று சிலர் கேட்கக்கூடும். இப்பிரதேசத்தின் தற்கால நிலையைக் கவனித்தால் அதற்கு விடை கிடைக்கும். ஏரிப் பாசனத்தையே நம்பியிருந்த இத்தாலுகாவில், இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் வருஷம் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலையும், ஒரகடத்தில் 2010ஆம் வருஷம் ரெனோ நிசான் தொழிற்சாலையும் உற்பத்தியைத் தொடங்கின. அவற்றைச் சூழ மற்றும் பல ஆலைகள் ஏற்பட்டன. வெளி ஜில்லாக்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறைகளில் தங்கி, முறை வைத்து வேலை செய்யும் இளைஞர் அநேகர். உச்சி வெயிலில் பந்தலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வயோதிகர்களும் குழந்தைகளை இடுப்பில் சுமந்த தாய்மார்களுமேயாவர். அவர்களுக்கு வேண்டியது நிழலும் நீரும். வெயில் தாழ்ந்தபின் வேலை முடிந்து வரும் தொழிலாளர்களுக்கோ கையில் ரொக்கமும் உண்டு, நின்று வாங்க அவகாசமும் உண்டு. ஆகவே பகலில் தர்மம், மாலையில் விற்பனை என்று வகுத்துக்கொள்வதே உத்தமம். அறிவிப்புப் பலகையைத் தமிழோடு ஹிந்தியிலும் எழுதி வைத்தால் வெளி மாநிலத்தாரும் தயங்காமல் வருவர்.

விற்கும் பண்டங்கள் கூடியவரையில் அங்கத்தினர்களின் சொந்த உற்பத்தியாக இருத்தல் நலம். நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, தர்ப்பூசணி ஆகியவை இப்பருவத்துக்கு உரியவை. பனையோலை விசிறி, பருத்தித் துண்டு, கடலை உருண்டை ஆகியவை வெயிலில் கெடமாட்டா. பால் உற்பத்தியாளர் சங்கத்திடமிருந்து தயிர் வாங்கி மோராக்கினால் ஒரு சங்கத்தின் பணம் மற்றொரு சங்கத்துக்கே போய்ச் சேரும். ஆனால் மோர் வெயிலில் விரைவில் புளித்துவிடும். காலையில் ஒரே அண்டாவில் கரைத்து வைக்காமல், இரண்டு மணி நேரத்துக்கு வேண்டிய அளவே அவ்வப்போது கரைக்க வேண்டும். மோருக்கும் பானகத்துக்கும் காய்ச்சி ஆறிய நீரையே உபயோகிக்க வேண்டும். மீன் பதப்படுத்துவதற்கென்று செய்யப்படும் பனிக்கட்டியை விலை மலிவு என்பதற்காகப் பானத்தில் போடுவது பெரும் பிழை. நிழலில் மணல் பரப்பி, ஈரத் துணி சுற்றி வைத்த மண்பானையே போதிய குளிர்ச்சி தரும்.

சட்ட விஷயங்களிலும் அசட்டை கூடாது. உணவுப் பண்டம் விற்பதற்கு 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு அவசியம். 2019ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் குவளைகளும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் தடை செய்யப்பட்டிருக்கின்றன. எவர்சில்வர் டம்ளர்களை வைத்து, கழுவுவதற்கு இருவரை நியமித்தால் செலவும் குறையும், தெருவும் சுத்தமாயிருக்கும். லாட்டரிச் சீட்டு 2003ஆம் வருஷம் இம்மாநிலத்தில் ஒழிக்கப்பட்டது. ஆகையால் நற்காரியத்துக்காக என்று சொல்லியும் பரிசுச் சீட்டு விற்று நிதி சேர்க்க முற்படலாகாது. பந்தல் போடும் இடத்துக்குக் கோயில் நிர்வாகத்தாரிடமும் உள்ளாட்சி அலுவலகத்திலும் போலீஸ் நிலையத்திலும் முன்கூட்டியே எழுத்து மூலமாக அனுமதி பெற வேண்டும். தேர் வரும் வழியை அடைத்துக்கொண்டு பந்தல் நிற்கலாகாது.

தகரக் கூரையைவிடத் தென்னங்கீற்றுக் கூரை குளிர்ச்சி தரும் என்பது உண்மையே. ஆனால் கீற்றும் நெருப்பும் ஓரிடத்தில் இருக்கக்கூடாது. கும்பகோணத்தில் 2004ஆம் வருஷம் ஜூலை 16ஆம் தேதி ஒரு பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டதை யாரும் மறக்க முடியாது. அடுப்பைப் பந்தலுக்கு வெளியே வெகு தூரத்தில் வைத்து, பந்தலின் இரண்டு பக்கங்களைத் திறந்து விட்டு, மணல் வாளிகளையும் தண்ணீர்த் தொட்டியையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பந்தலில் சேவை செய்யும் அங்கத்தினர்களின் தேகநலம் அடுத்த விஷயம். சென்னையில் 2003ஆம் வருஷம் மே 31ஆம் தேதி வெப்பம் 45 டிகிரி செல்சியஸை எட்டியது. 2024ஆம் வருஷம் தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையையும் மாநிலப் பேரிடர்களில் ஒன்றாக அறிவித்தது. ஆகையால் பகல் 11 மணி முதல் 4 மணி வரை ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க விடலாகாது. தாகம் எடுக்காவிட்டாலும் இடையிடையே நீர் அருந்தச் செய்ய வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொண்டால் களைத்தவர்களுக்கு உடனே கொடுக்கலாம். ஒருவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சுத் தடுமாறினால், அது வெறும் களைப்பன்று. அவரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து விசிற வேண்டும். உடனே 108க்கு டெலிபோன் செய்ய வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் நீர் ஊற்றக்கூடாது.

இனிப் பணத்தைப் பற்றியது. நிதி எதற்காகச் சேர்க்கப்படுகிறது என்பதை நிர்வாகக் கமிட்டி தீர்மானமாக எழுதி, பந்தலின் முகப்பில் யாவரும் காணும்படி வைக்க வேண்டும். விற்பனை ரொக்கத்துக்கே, கடன் கூடாது. இங்கிலாந்தில் ராச்டேல் ஊரில் 1844ஆம் வருஷம் தொழிலாளர்கள் தொடங்கிய சங்கக் கடை நிலைத்ததற்கு ரொக்க வியாபாரமும் சரியான அளவுமே முக்கிய காரணங்களாயின. நன்கொடைக்கு எண் போட்ட ரசீது கொடுக்க வேண்டும். கைப்பேசி மூலம் பணம் பெறும் க்யூஆர் அட்டை சங்கத்தின் பாங்குக் கணக்குக்கு உரியதாயிருக்க வேண்டுமேயன்றிக் காரியதரிசியின் சொந்தக் கணக்குக்கு உரியதாயிருக்கலாகாது. வஞ்சகர் தங்கள் அட்டையை அதன்மேல் ஒட்டிவிடுவதும் உண்டு. ஆகையால் தினமும் காலையிலும் மாலையிலும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துச் சரிதானா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

விற்றுமுதல் வேறு, லாபம் வேறு என்பதையும் மறக்கலாகாது. உதாரணமாக, பத்து நாளில் 26,000 ரூபாய்க்கு விற்பனை ஆனதாக வைத்துக்கொள்வோம். பண்டங்களின் விலை 14,000 ரூபாய், பந்தல் செலவு 3,000 ரூபாய், தண்ணீர்த் தர்மச் செலவு 2,000 ரூபாய் ஆகியவற்றைக் கழித்தால் நிற்பது 7,000 ரூபாயே. '26,000 ரூபாய் சேர்ந்தது' என்று ஊரில் பேச்சு பரவி, பிறகு 7,000 ரூபாய் மாத்திரம் வாசகசாலைக்குப் போனால், ஒரு பைசாவும் களவு போகாமலிருந்தும் சங்கத்தின் பேரில் சந்தேகம் விழுந்துவிடும். தினந்தோறும் இரவு இருவர் சேர்ந்து பணத்தை எண்ணிக் கையெழுத்திட்டு, மறுநாள் காலையில் அன்றைய வரவையும் செலவையும் பந்தலிலேயே கரும்பலகையில் எழுதி வைத்தால் அத்தகைய பேச்சுக்கு இடமிராது.

கணக்குக் காட்டும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதியதன்று. இதே காஞ்சிபுரம் ஜில்லாவிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரத் தகுதியற்றவர் என்பது அங்கே விதி. தற்காலத்தில் இந்தியாவில் நகரக் கூட்டுறவு நாணய சங்கம் முதன்முதலாகப் பதிவானதும் 1904ஆம் வருஷம் அக்டோபரில் காஞ்சிபுரத்திலேயே. இத்தகைய பிரதேசத்தில் நடக்கும் சங்கப் பந்தலின் கணக்கில் ஒரு வரிகூட மறைவாயிருக்கக் கூடாது. விழா முடிந்த ஏழு நாளுக்குள் பொதுக் கூட்டம் கூட்டி, ரசீதுகளுடன் முழுக் கணக்கையும் வாசித்து, நிதியை உரிய காரியத்துக்கு ஒப்படைத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த வருஷம் பந்தல் போடும்போது ஊரார் தாமாகவே கீற்றும் மூங்கிலும் கொண்டுவந்து கொடுப்பார்கள்.