சக்கரத்தில் ஏறிய கந்தோர்

ஊர் ஊராய்த் திரிபவனுக்கு நிலையான உத்தியோகம் இல்லை. உத்தியோகம் பார்ப்பவனுக்கு ஊர் சுற்ற ஓய்வு இல்லை. நெடுங்காலமாக உலகம் இவ்வாறே எண்ணி வந்தது. வணிகரும் மாலுமிகளும் கூத்தரும் இதற்கு விலக்கு. ஆயினும் எழுத்து வேலை செய்வோன் ஒருவன் தன் மேசையையும் உடன்கொண்டு தெருவில் இறங்கிவிடலாம் என்று எவரும் கருதியதில்லை.

1983ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் ஸ்ரீவன் ரொபேட்ஸ் என்னும் எழுத்தாளர் அதனையே செய்தார். புறநகரில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. வீட்டுக்குக் கடன் இருந்தது. கடனைக் கட்டுவதற்காகப் பிடிக்காத வேலைகளும் இருந்தன. அவர் வீட்டை விற்றார். சாய்ந்து அமர்ந்து மிதிக்கும் நீண்ட துவிச்சக்கர வண்டியொன்றை அமைப்பித்துக் கொண்டார். அதிற் கூடாரத்தையும், சூரிய ஒளியை மின்னாக்கும் தகட்டையும், ஒரு சிறிய கணினியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். அந்த முதற் பயணம் பதினாயிரம் மைல் நீண்டது.

அந்தக் கணினி ரேடியோ ஷக் நிறுவனம் அவ்வாண்டில் விற்பனைக்கு விட்ட ‘மொடல் 100’ என்பது. மூன்று இறாத்தல் அளவான நிறை. நான்கு சிறிய மின்கலங்களில் இருபது மணி நேரம் வரை இயங்கும். அதன் திரையில் எட்டு வரிகளே தெரியும். வரிக்கு நாற்பது எழுத்து. இன்று இது விளையாட்டுப் பொருள்போலத் தோன்றலாம். ஆனால் மரநிழலில் அமர்ந்து கட்டுரை எழுதுவதற்கு அது போதுமாயிருந்தது.

எழுதியதை அனுப்புவது எங்ஙனம்? வீதியோரத்துப் பொதுத் தொலைபேசியே வழி. பேசும் கருவியின் இரு முனைகளிலும் இறப்பர்க் கிண்ணங்களைப் பொருத்தினால், கணினி எழுத்துக்களை ஒலிகளாக்கி அக்கம்பியிற் செலுத்தும். வினாடிக்கு முப்பது எழுத்து என்பது அதன் வேகம். ஆறாயிரம் எழுத்துக் கொண்ட ஒரு கட்டுரை போய்ச்சேர மூன்று நிமிடத்துக்கு மேலாகும். இரைச்சல் மிக்க சந்தியில், பின்னால் ஒருவர் தம் முறைக்காகக் காத்து நிற்கையில், மூன்று நிமிடம் சிறிய நேரமன்று.

இவ்வளவும் கேட்போர், இம்மனிதர் எல்லாத் தளைகளையும் அறுத்தெறிந்துவிட்டார் என்று கருதக்கூடும். அங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும். அவர் அலைந்து திரிந்த காலமெல்லாம் ஒகையோவில் அவருக்கென ஒரு சிறு கந்தோர் இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே உதவியாளர் ஒருவர் இருந்தார். பத்திரிகாசிரியர்களுடன் தொடர்பு வைத்தவரும், கடிதங்களைப் பிரித்தவரும், கணக்குப் பார்த்தவரும் அவரே. அது மட்டுமா? ரொபேட்ஸின் செய்திகளைத் தாங்கிய ‘கம்பியூசேர்வ்’ என்னும் கணினிச் சேவையின் தலைமையகமும் அதே கொலம்பஸ் நகரை அடுத்தே இருந்தது. நாட்டின் எந்த மூலையில் நின்று தொலைபேசியை எடுத்தாலும், தாம் விட்டு வந்த ஊரின் கதவையே அவர் தட்டினார். நாடோடியின் பெயரைப் பத்திரிகைகள் எழுதின. ஊரிலிருந்து முத்திரை ஒட்டியவரின் பெயரை எத்தனை பேர் கேட்டார்கள்?

இன்னொரு குறையும் அவருக்குத் தென்பட்டது. மிதிக்கும்போது கருத்துகள் ஊற்றெடுக்கும். நிறுத்தி எழுத அமர்ந்தாலோ அவை மறைந்துவிடும். ஆகவே 1986இல் அவர் அமைத்த இரண்டாவது வண்டியின் கைபிடியிற் பொத்தான்களைப் பதித்தார். விரல்கள் சேர்ந்து அழுத்தும் முறைக்கேற்ப எழுத்துகள் உண்டாகும், ஓடிக்கொண்டே எழுதலாம். வேலையை விட்டு ஓடியவர் ஓடும்போதும் வேலை செய்ய வழி தேடினார் என்று ஒருவர் நகைத்தால், அதனை முற்றும் மறுக்க இயலாது.

ரொபேட்ஸுக்கு முன்னரே, 1973இல், ஜக் நைல்ஸ் என்னும் அமெரிக்கர் தொலைவிலிருந்து வேலை செய்வதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் சூட்டியிருந்தார். நகர வீதிகளின் நெரிசலைக் குறைப்பதே அவர் நாட்டம், கடற்கரையன்று. ‘டிஜிட்டல் நாடோடி’ என்ற தொடரைத் தலைப்பாக்கி யப்பானியரான மக்கிமோட்டோவும் ஆங்கிலேயரான மானர்ஸும் 1997இல் ஒரு நூல் வெளியிட்டனர். பின்னர் 2020இல் பெருந்தொற்று வந்து கந்தோர்களைப் பூட்டியது. சிலரின் விநோதமாயிருந்தது பலரின் நடைமுறையாயிற்று.

விருந்தினர் வரவின்றித் தவித்த நாடுகள் இவர்களை நோக்கிக் கை நீட்டின. அவ்வாண்டிலேயே பாபடோஸ் பன்னிரண்டு மாதம் தங்கி வேலை செய்ய அனுமதி வழங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு ஐம்பதினாயிரம் அமெரிக்க டொலர் வருமானம் எதிர்பார்க்கப்படுதல் நிபந்தனை. எஸ்தோனியாவும் அதே ஆண்டில் தனி விசா ஏற்படுத்தியது. போத்துக்கல் 2022இல் ஏற்படுத்திய விசாவுக்கு, அந்நாட்டின் ஆகக் குறைந்த சம்பளத்தைப்போல் நான்கு மடங்கு வருமானம் வேண்டும்.

இந்த நான்கு மடங்கு என்பதை மெல்லக் கடந்துவிடலாகாது. ஒரே தெருவில் ஒருவர் நான்கு மடங்கு வருவாயோடு வந்து வீடு கேட்கிறார். மற்றவர் அத்தெருவில் உணவு பரிமாறுகிறார், படுக்கை விரிக்கிறார். வீட்டுக்காரர் எவருக்குக் கதவு திறப்பார்? 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மெக்சிக்கோ நகரின் ரோமா, கொண்டேசா வட்டாரங்களில் மக்கள் வாடகை உயர்வை எதிர்த்து ஊர்வலம் சென்றனர். சில கடைகளின் கண்ணாடிகளும் உடைந்தன. வாடகை ஏறியதற்கு நாடோடிகள் மாத்திரமே காரணமல்லர். குறுகிய கால விடுதிகளாக மாறிய வீடுகளும், புதிய வீடுகள் போதாமையும் அதிற் சேரும். கண்ணாடியை உடைப்பதால் வாடகை குறையப்போவதுமில்லை. எனினும் அம்மக்களின் மனத்தாங்கல் பொய்யன்று.

வந்தவரின் நிலையும் எப்பொழுதும் இனிதென்று சொல்வதற்கில்லை. கோடையில் நியூயோர்க்கிற் காலை ஒன்பது மணியாகும்போது பாலித்தீவில் இரவு ஒன்பது மணி. அலைகளைக் காண வந்தவர் மேலாளரின் முகத்தைத் திரையிற் கண்டு விடியும்வரை விழித்திருக்கிறார். ஊர் உறங்கும்போது வேலை; ஊர் விழித்திருக்கும்போது உறக்கம். அயலவரின் பெயரை அறிந்துகொள்வது எப்பொழுது?

ரொபேட்ஸோ தம் வண்டியைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1991 அளவில் நிறைவெய்திய மூன்றாவது வண்டிக்கு 105 பற்சக்கர வேகங்கள், பல கணினிகள், வானொலி, செய்மதித் தொடர்புகள், கண்முன் திரை காட்டும் தலைக்கவசம். இழுவண்டியோடு சேர்த்து நிறை 580 இறாத்தல். எங்கும் எதுவும் குறையலாகாது என்று ஒவ்வொன்றாய்ச் சேர்த்ததன் பயன் அது. மூன்று வண்டிகளிலுமாக ஏறத்தாழப் பதினேழாயிரம் மைல் திரிந்த பின், அவர் தரையை விட்டுப் படகுகளின் பக்கம் திரும்பினார். அந்தப் பெரிய வண்டி இப்பொழுது கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்திருக்கிறது.