காய்ந்த கூடு நாறாது
(தோட்ட மாதர் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளமும் காணியும் பேசும் சங்கத்தில் கோழிக்கூட்டுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் லயங்களில் கூட்டுக்கும் குசினிக்கும் இடையில் சில அடிதான். கூடு நாறினால் முதலில் பக்கத்துக் காம்பராவோடு சண்டை. பிறகு ஆபீசுக்கு முறைப்பாடு. கடைசியில் கூட்டை உடைக்கச் சொல்லி உத்தரவு. அதோடு பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையும் போய்விடும்.

பகல் முழுக்க மலையில் கொழுந்தெடுத்து வருகிறவளுக்குக் கூடு கழுவ நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அதனால் கழுவாமலே சுத்தமாக வைக்கும் வழியைப் பார்ப்போம்.

எச்சம் ஈரமானால்தான் நாற்றமும் ஈயும் வரும். நம் பக்கத்து மழைக்கும் பனிக்கும் கூடு காய்ந்திருப்பதுதான் முக்கியம். கூரைத் தகரத்தைச் சுவரைவிட ஒரு அடி வெளியே நீட்டுவோம். மேற்பக்கத்தில் சின்னக் கான் வெட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே வராது. மேலே காற்றுப் போக வலை இருக்கட்டும். சாக்கால் முழுவதும் மூடினால் உள்ளே வேர்த்து ஈரமாகும்.

தரையில் நான்கைந்து அங்குலத்துக்கு மரச்சீவலோ உமியோ காய்ந்த மானாப்புல்லோ போடுவோம். அதில் ஒரு பிடி நெல்லைத் தூவினால் கோழிகளே கிளறிவிடும். நனைந்த இடத்தை மட்டும் அள்ளிவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும். தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் வைத்தால் சிந்துவது குறையும்.

கோழி இரவிலும் நிறைய எச்சம் போடும். அது உட்காரும் கம்புக்குக் கீழே பழைய உரப்பையை விரித்து, காலையில் உதறி எடுத்தால் ஐந்து நிமிட வேலை. நாற்றத்துக்குச் சாம்பலோ சுண்ணாம்போ தூவுவது நம்மிடம் வழக்கம். ஈர எச்சத்தில் அவை பட்டால் மூக்கை அரிக்கும் வாயு இன்னும் கூடும். சாம்பலை ஒரு மூலையில் குழியில் போட்டால் கோழி அதில் புரண்டு பேனைப் போக்கிக்கொள்ளும்.

ஒரு கோழிக்கு உள்ளே குறைந்தது 2 சதுர அடி வேண்டும். இடம் கொஞ்சமென்றால் கோழியும் கொஞ்சமாக இருக்கட்டும். வெளியே மேயும் இடத்தை வலையால் இரண்டாகப் பிரித்து மாற்றி மாற்றி விட்டால் சேறாகாது.

அள்ளியதை ஓடையில் கொட்டக் கூடாது. கீழ் லயத்தார் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான். பச்சை எரு செடியைக் கருக்கும். குவித்து மூடி இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டால் லீக்ஸுக்கும் போஞ்சிக்கும் நல்ல உரம். அள்ளும்போது மூக்கில் துணி கட்டுவோம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். கோழிகள் திடீரெனச் சோர்ந்து சாகத் தொடங்கினால் அரச மிருக வைத்தியரிடம் உடனே சொல்வோம்.

இன்னொன்று, ஆண் தோழர்களுக்கு. முட்டை எல்லோரும் சாப்பிடுகிறோம்; உரப்பை உதறுவது மட்டும் பெண்ணின் வேலையா? வீட்டில் முறை போட்டுச் செய்வோம்.

கூடு நாறாவிட்டால் அதை உடைக்கச் சொல்லக் காரணம் இருக்காது. லயத்துக்குத் தள்ளிக் கூட்டுக்கு இடம் கேட்டு நிர்வாகத்தோடு பேசும்போது நாமும் தலை நிமிர்ந்து பேசலாம். காணிக்கு 7 பேர்ச்சஸ் போதாது என்று நாம் சொல்வதும் இதனால்தான்: வீடும் கூடும் மரக்கறிப் பாத்தியும் அதில் அடங்க வேண்டும். அந்தக் கோரிக்கையை இன்றே கூட்டத் தீர்மானத்தில் சேர்ப்போம்.