டாலர் ஏறினால் யாருக்கு லாபம்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உலகப் பொருளாதாரம் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று பேசச் சொன்னார்கள். பெரிய தலைப்பு. நான் நான்கு மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2013, மே முதல் ஆகஸ்ட் வரை.

அப்போது நான் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அம்மாவுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பீஸ் ரேட். ஆகஸ்டில் ஒருநாள் இரவு வேலை முடிந்து வந்தவர் கேட்டார்: "டாலர் ஏறிப்போச்சுன்னு கம்பெனில எல்லாத்துக்கும் லட்டு குடுத்தாங்க கண்ணு. டாலர் ஏறுனா நமக்கு என்ன வருது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பொருளாதாரம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தேன். இருந்தும் தெரியவில்லை.

டாலர் ஏன் ஏறியது? கதை 2008இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் வீட்டுக் கடன்கள் மூழ்கி, லேமன் பிரதர்ஸ் திவாலானது. அந்த நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வட்டியை ஏறக்குறையப் பூஜ்ஜியத்துக்கு இறக்கியது. அதோடு கடன் பத்திரங்களையும் வாங்கிக் குவித்தது. 2013இல் மட்டும் மாதம் 8,500 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே வட்டி கிடைக்காத பணம், வட்டி கிடைக்கும் இடம் தேடி இந்தியா, பிரேசில், இந்தோனேசியா, துருக்கி, தென்னாப்பிரிக்கா என்று வந்தது.

மே 22 அன்று ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரம் வாங்குவதை வரும் மாதங்களில் குறைக்கலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். 'குறைக்கலாம்' என்றுதான் சொன்னார். குறைக்கும் முடிவே டிசம்பரில்தான் வந்தது. ஆனால் பணம் அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டது. ஏற்றுமதியைவிட இறக்குமதி மிக அதிகமாக இருந்த நாடுகள் முதலில் ஆட்டம் கண்டன. கச்சா எண்ணெயும் தங்கமும் வாங்கிக் குவித்த இந்தியா அதில் ஒன்று. மே மாதம் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர், ஆகஸ்ட் 28 அன்று 68ஐத் தாண்டியது.

அம்மாவின் கேள்விக்கான பதில் சில ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காகப் படிக்கும்போது கிடைத்தது. அதை எழுதியவர் அண்ணல் அம்பேத்கர்.

ஒவ்வொரு ஏப்ரல் 14க்கும் 'ரிசர்வ் வங்கிக்கு வித்திட்டவர்' என்று மீம் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். ஆனால் 1923இல் லண்டனில் வெளிவந்த 'ரூபாயின் பிரச்சினை' என்ற அந்த நூலைத் திறந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

1920களில் ஒரு பெரிய சண்டை நடந்தது. ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸா, 1 ஷில்லிங் 4 பென்ஸா? ரூபாயின் மதிப்பு குறைவாக இருந்தால்தான் நாட்டுக்கு நல்லது என்றார்கள் இந்திய ஆலை முதலாளிகள். தேசியத் தலைவர்கள் பலரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். 1925இல் நாணயம் பற்றிய ராயல் கமிஷன் முன் அம்பேத்கர் வைத்த வாதம் வேறு. ரூபாய் விழுந்தால் உள்நாட்டில் விலைகள் ஏறும். கூலி அந்த வேகத்தில் ஏறாது. அந்த இடைவெளிதான் ஏற்றுமதியாளரின் லாபம். ஆகவே அது நாட்டுக்கு வந்த லாபம் அல்ல. ஒரு வர்க்கத்திடமிருந்து இன்னொரு வர்க்கத்துக்குப் போனது. சரிந்துகொண்டே போகும் ரூபாய் வேண்டாம், மதிப்பு நிலையாக நிற்கும் ரூபாய் வேண்டும் என்றார்.

இப்போது எங்கள் வீட்டைப் பாருங்கள். பாமாயில் வெளிநாட்டிலிருந்து வருகிறது. டீசலுக்கான கச்சா எண்ணெயும் பெரும்பாலும் அப்படித்தான். அம்மா வேலைக்குப் போகும் மினி பஸ்ஸும் டீசலில்தான் ஓடுகிறது. டாலர் ஏறினால் இவை எல்லாவற்றின் விலையும் ஏறும். அந்த ஆண்டு அம்மாவின் பீஸ் ரேட் ஒரு பைசாகூட ஏறவில்லை. லட்டுக்கான காசு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆர்டர் கூடினால் வேலையும் கூடுமே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வேலை கூடியது, உண்மை. அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்த்தார். கூடுதலாக உழைத்துத்தான் பழைய அரிசியையும் எண்ணெயையும் வாங்க முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செக்கிங் மேசையில் அம்மாவோடு நின்றவர்களில் பெரும்பாலோர் எங்கள் காலனி, பக்கத்துக் காலனிப் பெண்கள். பீஸ் ரேட்டைத் தீர்மானித்த காண்ட்ராக்டரும் முதலாளியும் அங்கிருந்து வந்தவர்கள் அல்ல. வாஷிங்டனில் பேசப்பட்ட ஒரு வாக்கியத்துக்குச் சாதி தெரியாதுதான். ஆனால் அது எங்கள் ஊருக்குள் வந்ததும், சாதி ஏற்கெனவே போட்டுவைத்த வாய்க்காலில்தான் ஓடியது. லாபம் மேட்டுக்குப் போனது, விலைவாசி பள்ளத்துக்கு வந்தது.

2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. சிலர் அதை தேசிய அவமானம் என்கிறார்கள், சிலர் ஏற்றுமதிக்கு வாய்ப்பு என்கிறார்கள். இரண்டு தரப்புமே 'நாடு' என்றுதான் பேசுகிறது. நாம் அம்பேத்கரின் கேள்வியைக் கேட்போம்: யாருக்கு லாபம், அது யாரிடமிருந்து போகிறது? விலைவாசியோடு சேர்ந்து ஏறும் பஞ்சப்படி, பீஸ் ரேட்டுக்கும் காண்ட்ராக்ட்டுக்கும் வேலை செய்பவர்களுக்கும் வேண்டும் என்று கேட்போம். சங்கங்களின் கூலிப் பேச்சுவார்த்தை மேசையில் அந்தப் பெண்களுக்கும் நாற்காலி வேண்டும் என்று கேட்போம்.

அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை, முட்டி வலி. போன மாதம் ஊருக்குப் போனபோது அவருடைய பழைய கேள்விக்குப் பதில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா லட்ட வேண்டாம்னு சொல்லியிருப்பேனே" என்றார்.

அடுத்த ஏப்ரல் 14க்குள் அந்தப் புத்தகத்தைச் சேர்ந்து படிப்போம், தோழர்களே. ஜெய்பீம்.