சிறைக்குள் ஒரு செவி

சிறைச்சாலை என்றவுடன் குற்றமும் தண்டனையும் நம் நினைவிற்கு வருகின்றன. அங்கே வாடும் மனத்தை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே.

வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரச் சிறையில், 1990ஆம் ஆண்டில், 15 வயதுச் சிறுவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். உங்களோடு வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டிய பருவம்! மறு ஆண்டே அச்சிறையில் புதிய முறையொன்று தோன்றிற்று. 'சமாரிட்டன்ஸ்' என்னும் தொண்டு நிறுவனத்தார் கைதிகளுள் சிலரைத் தேர்ந்து, துயருற்ற கைதிகளின் சொல்லைப் பொறுமையுடன் கேட்கப் பயிற்றுவித்தனர். இவர்கள் அறிவுரை கூறுவதில்லை, கேட்டதை வெளியிடுவதுமில்லை. அறிவுரை கூறாதிருத்தல் எத்துணை அரிது என்பதை ஆசிரியத் தொழில் செய்த நாங்கள் நன்கறிவோம்! காவலரிடம் சொல்ல நாவெழாததை உடனிருக்கும் கைதியிடம் சொல்ல மனம் துணியுமன்றோ?

2021இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, 27 நாடுகளில் நடந்த 77 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கிற்று. முன்னரே உயிர்விட முயன்றோர், மனநோயுற்றோர் ஆகியோரோடு, தனியறையில் இருப்போர், காண வருவாரில்லாதோர், தீர்ப்பை எதிர்நோக்கிக் காத்திருப்போர் ஆகியோரிடையேயும் தற்கொலை மிகுதி என்று அது கண்டது. தீர்ப்பை எதிர்நோக்குவோர், குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்படாதவர்கள் என்பதை மறவாதீர்கள். ஆயினும், தனியறையே காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடலாகாது. முன்பே மனம் நைந்தவரைத் தனியே வைத்திருக்கவும் கூடும்.

ஸ்வான்சியில் தோன்றிய முறை இன்று இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளுள் பெரும்பாலானவற்றில் நடைபெறுகிறது. நள்ளிரவில் ஒருவர் வேண்டினாலும், பயிற்சி பெற்ற கைதியொருவரைக் காவலர் அவரிடம் அழைத்து வருவதுண்டு.