பிராணவாயுவைக் காந்தம் இழுப்பது ஏன்?

நாம் கணந்தோறும் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்காக விளங்கும் பிராணவாயு, காந்தத்தால் ஈர்க்கப்படும் சுபாவமுடையது என்று சொன்னால் உங்களில் பலர் வியப்படையக்கூடும். வாயு நிலையில் அந்த ஈர்ப்பு கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் 1891-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டியூவார் என்ற விஞ்ஞானி, ஃபாரடே கையாண்ட பெரிய மின்காந்தத்தின் அருகே திரவப் பிராணவாயுவை ஏந்தியபோது, அது கிண்ணத்தைவிட்டு எழும்பித் துருவங்களைப் பற்றிக்கொண்டு, ஆவியாகித் தீரும்வரை அங்கேயே நின்றது.

கல்லூரியில் இரசாயனம் போதித்த காலத்தில் இந்தப் பரிசோதனையைக் காட்டுவதில் எனக்கிருந்த பிரியம் வேறெதிலும் இருந்ததில்லை. முதலில் திரவ நைட்ரஜனைக் காந்தத் துருவங்களுக்கிடையே ஊற்றுவேன். அது நில்லாமல் வழிந்துவிடும். பின்னர், அதே நைட்ரஜனில் அமிழ்த்திய குழாயினுள் பிராணவாயுவைச் செலுத்தித் திரட்டிய இளநீலத் திரவத்தை ஊற்றுவேன். அது கீழே விழாமல் துருவங்களின் நடுவே தங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும். ஒரு முறை, அதைப் பார்த்த மாணவர் ஒருவர் கரும்பலகையருகே சென்று, பாடப்புத்தகத்தில் உள்ளபடியே பிராணவாயு மூலக்கூறைப் புள்ளிகளாலும் இரட்டைக் கோட்டாலும் வரைந்து, "எல்லா எலெக்ட்ரான்களும் ஜோடியாகத்தானே இருக்கின்றன, சார், காந்தம் எதைப் பிடித்து இழுக்கிறது?" என்று கேட்டார். அதைக் காட்டிலும் நல்ல கேள்வியை நான் வகுப்பறையில் கேட்டதில்லை.

எலெக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு சிறு காந்தமே; இரண்டு ஜோடி சேரும்போது ஒன்றின் காந்தம் மற்றொன்றினதை ரத்துச் செய்துவிடும். அணுக்கள் எலெக்ட்ரான் ஜோடிகளைப் பகிர்ந்துகொண்டு பிணைகின்றன என்று 1916-இல் இரசாயன அறிஞர் லூயிஸ் வகுத்த கருத்து மகத்தானதே எனினும், அந்த மாணவரின் கேள்விக்கு அதில் விடையில்லை. விடையைத் தந்தது, விஞ்ஞானிகள் ஹுண்டும் முல்லிகனும் உருவாக்கிய மூலக்கூறு ஆர்பிட்டால் சித்தாந்தம். பிராணவாயுவின் காந்தத்தன்மையை அதைக்கொண்டு 1929-இல் விளக்கியவர் லென்னார்ட்-ஜோன்ஸ்.

எலெக்ட்ரான்கள் இந்த அணுவுக்கோ அந்த அணுவுக்கோ உரியவையல்ல, மூலக்கூறு முழுமைக்கும் பரவிய ஆர்பிட்டால்கள் என்னும் அலைநிலைகளில் உறைபவை என்பதே இச்சித்தாந்தத்தின் ஆதாரம். குளத்தில் இரு அலைகள் சந்திக்கையில் முகடும் முகடும் கூடி உயர்வதுபோல, இரண்டு அணுக்களின் எலெக்ட்ரான் அலைகள் ஒத்திசைந்தால் உட்கருக்களுக்கிடையே எலெக்ட்ரான் செறிந்து பிணைப்பு ஏற்படுகிறது. முகடும் பள்ளமும் சந்தித்து அழிவதுபோல முரண்பட்டால், அதிக சக்தியுடைய எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால் தோன்றி, பிணைப்பைத் தளர்த்துகிறது. பிணைப்பு ஆர்பிட்டால்களிலுள்ள எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையிலிருந்து எதிர்ப்பிணைப்பிலுள்ளவற்றின் எண்ணிக்கையைக் கழித்துப் பாதியாக்கினால், அணுக்களுக்கிடையே எத்தனை பிணைப்புகள் என்பதைக் காட்டும் பிணைப்புத்தரம் கிடைத்துவிடும். ஹைட்ரஜனுக்கு ஒன்று; ஹீலியத்துக்குப் பூஜ்யம், ஆகையால் அது தனித்தே வாழ்கிறது. நைட்ரஜனின் வெளிக்கூட்டிலுள்ள 10 எலெக்ட்ரான்களில் 8 பிணைப்பிலும் 2 எதிர்ப்பிணைப்பிலும் அமைவதால் தரம் மூன்று.

பிராணவாயுவுக்கு இன்னும் இரண்டு எலெக்ட்ரான்கள் அதிகம். அவற்றுக்கு எதிர்ப்பிணைப்பைத் தவிர வேறு இடமில்லை. அங்கோ சம சக்தியுள்ள இரண்டு ஆர்பிட்டால்கள் காத்திருக்கின்றன. ஹுண்டின் விதிப்படி, ஒவ்வொன்றிலும் ஒன்றாக, ஒரே திசையில் சுழன்றபடி அவை அமர்கின்றன. பிணைப்புத்தரம் பாடப்புத்தகத்தின் இரட்டைக் கோடு காட்டிய இரண்டேதான். ஆனால் ஜோடி சேராத அந்த இரண்டு எலெக்ட்ரான்களைத்தான் காந்தம் பிடித்து இழுக்கிறது!

இதிலே என் மனத்தை மிகவும் கவர்ந்த செய்தி இன்னொன்று உண்டு, கேளுங்கள். பிராணவாயு மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்தால் பிணைப்பு நலியும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். நடப்பதோ வேறு. பறிபோவது எதிர்ப்பிணைப்பில் இருந்த எலெக்ட்ரானாகையால், பிணைப்பு வலுத்து, அணுக்களுக்கிடையேயுள்ள தூரம் 1.21 ஆங்ஸ்ட்ராமிலிருந்து 1.12 ஆங்ஸ்ட்ராமாகக் குறுகிவிடுகிறது.

இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிராணவாயுவை இரட்டைக் கோட்டால் வரைந்து காட்டும் அன்றே, அது காந்தத்தால் இழுக்கப்படும் என்பதையும் மாணவர்களிடம் சொல்லி, காரணத்தை அவர்களையே கேளுங்கள்.