நடனக் கையேடுகள் பெண்களுக்குச் சொன்னவை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் சோடியாக ஆடிய போல்ரூம் நடனங்களைப் பற்றியும், அவற்றைக் கற்பிக்க எழுந்த கையேடுகளைப் பற்றியும் சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன். இதற்கும் எமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் யோசிக்கலாம். காலடி வைக்கும் முறையோடு, ஒரு பெண் சபையில் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அந்த நூல்கள் எழுதி வைத்தன. ஆகவே அவை பெண்களின் வரலாறும் ஆகும்.

1589இல் பிரான்சில் வெளிவந்த 'ஓர்க்கெசோகிராஃபி' என்ற நூலை எழுதியவர் ஒரு கத்தோலிக்க மதகுரு. துவானோ ஆர்போ என்பது அவரது புனைபெயர். ஆசிரியரும் கப்ரியோல் என்ற இளைஞனும் உரையாடுவதாக நூல் அமைந்துள்ளது. அதில் 'வோல்ட்டா' என்றொரு நடனம் வருகிறது. ஆண், பெண்ணைப் பிடித்துத் தூக்கிச் சுழல வேண்டும். குருவானவர் அதைப் படிப்படியாக விளக்குகிறார். பாவாடை மேலெழாதபடி பெண் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்தபின், இப்படி எட்டி அடி வைத்து ஆடுவது ஓர் இளம் பெண்ணுக்குத் தகுமா, அவளுடைய மானத்துக்கும் உடல்நலத்துக்கும் கேடில்லையா என்று கேட்கிறார். தூக்கிச் சுழற்றும் இளைஞனுக்குத் தகுமா என்று அவர் கேட்கவில்லை.

இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இங்கிலாந்துக்கு வோல்ட்ஸ் வந்தபோதும் இதே கேள்விதான் எழுந்தது. அதற்கு முன் அங்கு பெருவழக்காயிருந்த நடனங்களில் ஆண்களும் பெண்களும் எதிரெதிர் வரிசையில் நின்று, கைகளை மட்டும் தொட்டு ஆடினர். வோல்ட்ஸில் இருவர் அணைத்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சுழன்றனர். ஒழுக்கத்துக்குப் பேர்போகாத கவிஞர் பைரனே 1813இல் புனைபெயரில் அதைக் கிண்டல் செய்து கவிதை வெளியிட்டார். 1816 யூலையில், ஆட்சிப் பிரதிநிதியாயிருந்த இளவரசரின் விருந்தில் வோல்ட்ஸ் ஆடப்பட்டது. 'த டைம்ஸ்' பத்திரிகை அதைத் தொற்று நோய்க்கு ஒப்பிட்டு, பெற்றோர் தம் மகள்மாரைக் காக்க வேண்டும் என்று எச்சரித்தது. அதே ஆண்டில் லண்டன் நடன ஆசிரியர் தோமஸ் வில்சன், வோல்ட்ஸ் ஆடும் முறையை விளக்கி நூல் வெளியிட்டு, அது நல்லொழுக்கத்துக்கு எதிரியல்ல என்று வாதாடினார்.

அந்த நூற்றாண்டின் கையேடுகளைப் படித்தால் சிரிப்பும் வரும், சினமும் வரும். பெண் தானாக ஒருவரை ஆட அழைக்கக்கூடாது. மண்டபத்தைத் தனியே கடக்கக்கூடாது. கையுறை இல்லாமல் ஆடக்கூடாது. ஒருவரின் அழைப்பை மறுத்தால், அந்த ஆட்டம் முடியும்வரை வேறு எவரோடும் ஆடாமல் அமர்ந்திருக்க வேண்டும். மறுப்பதற்கு அவள் கொடுத்த விலை அது.

ஆனால் அவளுக்குக் காப்பான விதிகளும் இருந்தன. நடனத்துக்காக மட்டும் அறிமுகமான ஒருவரை மறுநாள் தெருவில் கண்டால், தலையசைத்துப் பழக்கத்தைத் தொடர்வதா விடுவதா என்பது பெண்ணின் விருப்பம். அவள் கையில் சிறு பென்சில் கட்டிய நடன அட்டை இருந்தது. யாருக்கு எந்த ஆட்டம் என்பது அதில் பதிவாகும்.

எதிர்ப்பு ஓயவில்லை. 1892இல் அமெரிக்காவில், முன்பு நடன ஆசிரியராயிருந்த ஃபோக்னர் என்பவர் 'நடனக்கூடத்திலிருந்து நரகத்துக்கு' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். வோல்ட்ஸ் பெண்களைக் கெடுக்கிறது என்பதே அதன் சாரம்.

இருபதாம் நூற்றாண்டில் ஒரு மாற்றம் தெரிகிறது. 1914இல் வெளியான 'மொடேர்ன் டான்சிங்' என்ற கையேட்டை வேர்னன் காசிலும் அவர் மனைவி ஐரீனும் சேர்ந்து எழுதினர். தோளைக் குலுக்காதீர், இடுப்பை ஆட்டாதீர் என்று அதுவும் சொன்னது. ஆனால் சொன்னவர்களில் ஒருவர் பெண். 1924இல் லண்டனில் இம்பீரியல் நடன ஆசிரியர் சங்கம் போல்ரூம் நடனத்துக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது. பலரும் பலவாறு கற்பித்த அடிகளைச் சீராக வரையறுத்த அந்தக் குழுவில் ஜோசஃபின் பிராட்லி முதலான பெண்கள் அமர்ந்திருந்தார்கள். ஆண் வழிநடத்த, பெண் பின்தொடர வேண்டும் என்ற விதி அப்போதும் மாறவில்லை. என்றாலும் பெண்ணின் கால் எங்கே பதிய வேண்டும் என்று தீர்மானித்தவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

சகோதரிகளே, கூந்தலுக்கும் சீருடைக்கும் நடைக்கும் விதிகள் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவற்றுள் சில எம்மைக் காத்தன, சில எம்மைக் கட்டின. எது எதைச் செய்தது என்பது அவற்றின்படி நடந்தவர்களுக்குத்தான் தெரியும். இன்று எம்மில் பலர் அதிபர்களாக, வைத்தியர்களாக, சட்டத்தரணிகளாக, தாய்மாராக இருந்து பிறருக்கு விதி வகுக்கிறோம். பெண் பிள்ளைக்கு ஒரு விதியை எழுதுமுன், அதே விதியை ஆண் பிள்ளைக்கும் எழுதுவோமா என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அந்த மதகுரு கேட்காமல் விட்ட கேள்வியை நாமாவது கேட்போம்.

எம் கல்லூரித் தாய் இன்னும் பல நூற்றாண்டுகள் சிறக்க வாழ்த்தி விடைபெறுகிறேன்.